வெந்நீர் ஊற்றில் குளிக்காத ஒருத்தி

பெண்கள் தொட்டிக்குத் தகரக் கதவு போட்டிருந்தார்கள். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே ஆவி வெளியே வந்து, கல் தரையில் தவழ்ந்து, குளிரில் கலைந்துகொண்டிருந்தது.

கதவுக்கு எதிரே ஒரு கல் பெஞ்சு. என் மனைவி அதில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பதினோரு ஜோடிச் செருப்புகள். மடியில் மூன்று கைப்பைகள். மற்றவை இரண்டு பக்கமும். எல்லாவற்றின் வார்களையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்திருந்தாள். தோளில் மடிப்புக் கலையாத ஒரு புதுத் துவர்த்து. துண்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

உள்ளே ஒரே சிரிப்பு. "அய்யோ, காலு பொள்ளுதே!" என்று ஒரு குரல். "மெள்ள இறங்குங்க மதினி, உங்களை அவிச்சு எடுத்தா அண்ணாச்சிக்கு யாரு பதில் சொல்ல?" என்று இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு. கதவுக்கு வெளியே என் மனைவியும் அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரித்தாள்.

நான் ஆண்கள் தொட்டியில் குளித்து முடித்து, தலையில் நீர் சொட்டச் சொட்ட அந்த வழியாக வந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க முறை எப்ப அத்தான்?"

'எங்க முறை' என்றாள். அவளோடு சேர்ந்து குளிக்க இனி வேறு யாரும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆனந்தமாக நீராடினோம்

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு அந்த ஊர் நினைவிருக்கும். ஐந்து வாரங்களுக்கு முன் அதைப் பற்றி இங்கே எழுதினேன். இமாசலத்தில் ஒரு மலையிடுக்கு. ஐஸ்கட்டி போன்ற ஆறு ஒரு பக்கம் இரைந்து ஓட, அதன் கரையிலேயே பாறைக்குள்ளிருந்து கொதிக்கும் நீர் குமிழியிட்டு வரும். சிவப்புத் துணிகள் கட்டிய பாலம், அடுப்பங்கரை போலச் சுடும் குகை, மரத்தால் கட்டிய பழைய கோயில், பட்டை தீட்டாத கற்கள் விற்கும் கடைவீதி என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். ஊற்றைப் பற்றி எழுதியபோது, 'நாங்கள் எல்லோரும் ஆனந்தமாக நீராடினோம்' என்று ஒரு வரி.

கடிதங்கள் வந்தன. நேரில் போய்வந்ததுபோல் இருந்தது என்று நாகர்கோவிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் உரக்க வாசித்துக் காட்டினேன். என் மனைவி பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்ப குளிச்சேன் அத்தான்?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கேஸை அணைத்தாச்சா என்று கேட்பது போன்ற குரல்.

"எல்லாரும்னு பொதுவா எழுதுறதுதான்" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாகற்காயை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நான்கு அத்தியாயங்கள் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடம், பரீட்சை, முதல் வேலை என்று வழக்கமான விஷயங்கள். ஒவ்வொன்றையும் எழுதும்போது அந்தப் பாகற்காய் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுபத்தொன்பது வயதில் ஒருவன் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் அதில் ஒரு வரியாவது பொய்யாக இருக்கும், அது இயற்கைதான் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. பொய்யான அந்த ஒரு வரியை நான் எங்கே வைத்தேன் என்பதுதான் பிரச்சினை.

முழுக்கை

என் மனைவிக்கு ஒரு தோல் வியாதி உண்டு. மகன் பிறந்த இரண்டாம் வருடம் தொடங்கியது. முதலில் முழங்கை, பிறகு முழங்கால், பிறகு கைகளின் மேற்புறம். சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளியாகச் செதில் உதிரும். மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கும். மனது சரியில்லாவிட்டால் கூடும்.

தார் வாசனை அடிக்கும் ஒரு தைலத்தைத் தினமும் பூசுவாள். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளுக்கு எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. தினமும் எனக்கு முன்னே எழுந்து, அவள் படுத்த பக்கத்தை ஒரு சின்னத் துடைப்பத்தால் பெருக்குவாள். நான் எழுந்துவிட்டேனா என்று இடையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். விழித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்த நாட்கள் எத்தனையோ. அதை நான் நாகரிகம் என்று நினைத்தேன்.

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் நாற்பது வருடமாக முழுக்கை ரவிக்கை போடுகிறாள். அதைத் தைக்கச் சொன்னது நான். யாராவது கேட்டால் "அலர்ஜி" என்று சொல்வதும் நான். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் 'அலர்ஜி'தான். பழவங்காடியில் ஒரு ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுத்தோம். படம் எடுப்பவர் அவள் கைகளை மடியில் வைக்கச் சொன்னார். "வேண்டாம், பேரனை முன்னால நிறுத்துங்க, கை மறையட்டும்" என்றேன். அந்தப் படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், "சாரே, படம் கொள்ளாமே" என்று பாராட்டுவார்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். இந்த வியாதி தொற்றாது என்று படித்துத் தெரிந்தவன். தெரிந்தவன் என்பதைவிட, ஊருக்கே சொன்னவன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். உதட்டிலும் விரல்களிலும் வெண்திட்டுகள். அவருடைய டீ கிளாஸை மற்றவர்கள் தனியாக ஜன்னல் மேல் வைப்பார்கள். ஒருநாள் நான் எல்லோர் முன்னாலும் அவர் குடித்து வைத்த கிளாஸை எடுத்து, மிச்சம் இருந்த டீயைக் குடித்தேன். இந்தச் சம்பவத்தை இதே தொடரில் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறேன். அதற்குத்தான் மிக அதிகமான கடிதங்கள் வந்தன.

அந்த அத்தியாயத்தை என் மனைவி வாசித்தாள். "நல்ல காரியமாக்கும் செஞ்சிருக்கிய" என்றாள். அந்தத் தேநீருக்கும் எங்கள் வீட்டுப் படுக்கைக்கும் இடையில் இருந்த தூரத்தை அன்று நான் யோசிக்கவில்லை.

விசில்

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரக் குடும்பங்கள் சிலவும் எங்களைப் போன்ற உறவுக்காரர்களும் சேர்ந்து வடக்கே ஒரு யாத்திரைக்கு ஏற்பாடு செய்தோம். இருபத்திரண்டு பேர். படித்தவன், இந்தி தெரிந்தவன் என்பதால் என்னைத் தலைவனாக்கினார்கள். கல்லூரியில் நேர அட்டவணை போட்டே பழகியவன் அல்லவா, பயணத்துக்கும் ஓர் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு ஊரிலும் பார்க்க வேண்டிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று பட்டியல். கழுத்தில் ஒரு விசில். நான் ஊதினால் எல்லோரும் வேனில் ஏற வேண்டும்.

"சாரே, இது யாத்திரையா, என்.சி.சி. கேம்பா?" என்று இரும்புக்கடை அருணாசலம் அண்ணாச்சி கேட்பார். சொல்லிக்கொண்டே ஓடி வந்து ஏறுவார்.

என் மனைவிக்குப் பட்டியலில் இருந்த எந்த இடத்திலும் ஆர்வம் இல்லை. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு பெண் அவளிடம் இந்த வெந்நீர் ஊற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் கேட்டோம். வியாதி போகாது, குளித்தால் கெடுதல் இல்லை, உடம்புக்கு இதமாக இருக்கும் என்றார். எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள் அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை முங்கி எந்திரிச்சாப் போதும் அத்தான். வேற ஒண்ணும் எனக்குப் பாக்க வேண்டாம்."

அதற்காகவே சாலைக்குப் போய் ஒரு துவர்த்து வாங்கினாள். கரை போட்ட, நல்ல கனமான துவர்த்து. தம்பானூரில் ரயில் ஏறியதிலிருந்து அதைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

அந்த ஊரில் இறங்கினோம். பாலத்தைக் கடக்கும்போதே முகத்தில் ஆவி அடித்தது. பற்கள் கிட்டிக்கும் குளிரில், பாதத்துக்குக் கீழே கல் சூடாக இருந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் நின்று சிறுபிள்ளைகளாகக் கூச்சலிட்டார்கள்.

அப்போது அருணாசலம் அண்ணாச்சியின் மனைவி தங்கம் மதினி என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, மதினிக்குக் கையில அது இருக்குல்லா… எல்லாரும் ஒரே தொட்டியில…" என்று இழுத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இது தொற்றாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் வகுப்பில் பேசிய வாய். வரவில்லை.

ஆய்வகத்தில் மாணவர்களை பேட்ச் பேட்சாகப் பிரிப்பது என் வழக்கம். அது கை கொடுத்தது. விசிலை ஊதினேன்.

"லேடீஸ் ரெண்டு பேட்ச்" என்று அறிவித்தேன். "பைகளையும் செருப்பையும் பாத்துக்கிட ஒருத்தர் வெளியே இருக்கணும்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீ இரு. ரெண்டாவது பேட்ச்ல போ" என்றேன்.

"சரி அத்தான்" என்றாள்.

முதல் பேட்சில் பதினோரு பெண்களையும் அனுப்பினேன். மொத்தப் பெண்கள் பன்னிரண்டு பேர்.

சம்பா அரிசி

நேரம் இருக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அதைத் தந்தது எங்கள் அரிசி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். அரிசியைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கயிற்றால் ஊற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சோறாக வெளியே வரும். அங்கே கடைகளிலேயே அதற்கான அரிசி சின்னப் பொட்டலங்களாகக் கிடைக்கும். ஆனால் எங்கள் கூட்டம் வேறு ஊர் அரிசியை வாயில் வைக்காது. சாலையிலிருந்து ஒரு சாக்குச் சம்பா அரிசி, நல்ல சிவப்புப் புழுங்கல், இரண்டாயிரம் மைல் எங்களோடு பயணம் செய்திருந்தது. சமையலுக்கு வந்த மாதேவன் அதைத்தான் மூட்டை கட்டி இறக்கினான்.

குளித்து வந்தவர்கள் பசியோடு ஊற்றைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் மூட்டையை இறக்குவதும் வெள்ளை வெளேரென்று சோற்றோடு தூக்குவதுமாக இருந்தன. எங்கள் மூட்டையை மாதேவன் தூக்கினான். ஒரு பருக்கையைக் கடித்தான்.

"சாரே, இது நம்ம அரிசியாக்கும். இந்தத் தண்ணிக்கெல்லாம் இது அசையாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அரிசிகிட்டல்லா கேக்கணும்."

அருணாசலம் அண்ணாச்சி வயிற்றைத் தடவிக்கொண்டு, "சாலையில மூட்டை எடுத்தவனை நான் ஊருக்குப் போயி பாத்துக்கிடுதேன்" என்றார். மூட்டை எடுத்தது அவர்தான் என்று தங்கம் மதினி நினைவூட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் புழுங்கல் அரிசி வேகத் தாமதமாகிறது என்று நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று முடிவாயிற்று.

ஒரு மணி நேரம். பெண்கள் தொட்டி காலியாக இருந்தது. தகரக் கதவு திறந்தே கிடந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பட்டியலைப் பார்த்தேன்.

"குகையும் மரக்கோயிலும் மிச்சமிருக்கு, எல்லாரும் வாங்க" என்று விசில் ஊதினேன். மாதேவன் சாம்பாரைப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டையின் கயிற்றை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், கம்பியில் கட்டினால் நழுவிவிடுகிறது. கயிற்றை எடுத்து என் மனைவி கையில் கொடுத்தேன்.

"இதைக் கொஞ்சம் பிடி. நாங்க வந்ததும் நீ போயிக் குளிச்சிடலாம்."

குகைக்குள் மண்டியிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே பாறை சுட்டது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முட்டிவலி போகும் என்றார்கள். எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். மரக்கோயிலில் பூசாரி ஆளுக்கொரு பிடி கற்கண்டு தந்தார். கடைவீதியில் அண்ணாச்சி ஒரு குல்லாய் வாங்கினார். ஒவ்வொன்றாக நான் பட்டியலில் டிக் போட்டேன். அந்த டிக்குகள்தான் ஐந்து வாரங்களுக்கு முன் இங்கே அத்தியாயமாக வந்தவை.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில், கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆவியில் முன்முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவ்வளவு அருகில்தான் இருந்தது தண்ணீர்.

அரிசி வேகவே இல்லை.

இரண்டு கைகளாலும்

கடைசியில் ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்த சீக்கியர் கோயிலில் எல்லோருக்கும் போடும் சாப்பாட்டுக்குப் போனோம். நீளமான கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டோம்.

அங்கே ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்த வேண்டும். அதில்தான் வைப்பார்கள். எனக்கு முன்னாலேயே அது தெரிந்திருந்தால் என் மனைவியை வேறு எங்காவது உட்காரச் சொல்லியிருப்பேன்.

வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கூடையோடு வந்தார். என் மனைவி ஒரு கணம் தயங்கிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். முழுக்கை ரவிக்கை மணிக்கட்டிலிருந்து பின்னால் நழுவியது. சிவந்து வெடித்து, செதிலாக இருந்த அந்தக் கைகளை அவர் பார்த்தார். குனிந்து, ரொட்டியை வைத்து, அது சூடு என்பதாலோ என்னவோ தன் கையை அவள் கைகளுக்கு அடியில் ஒரு நொடி தாங்கிக் கொடுத்தார். ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நம் ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் வேன்காரர் அவசரப்படுத்தினார். மலைப்பாதையில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்க வேண்டுமாம். நான் விசில் ஊதினேன். என் மனைவி தகரக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்து வேனில் ஏறினாள்.

துவர்த்து

முதலில் சொன்ன காட்சிக்கு வருகிறேன். கல் பெஞ்சில் அவள், எதிரே நான், தலையில் நீர் சொட்ட.

"எங்க முறை எப்ப அத்தான்?"

"சோறு வேகுற நேரத்துல போலாம்" என்றேன். சொல்லும்போதே ஒரு தும்மல் வந்தது.

"தலையைத் துவத்தாம வந்து நிக்கியளே. உங்க துவர்த்து எங்க?"

"தொட்டியிலேயே விட்டுட்டேன்போல."

பைகளின் வார்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். தோளிலிருந்த புதுத் துவர்த்தை எடுத்து, உதறி மடிப்பைக் கலைத்து, என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கித் தலையைத் துவட்டினேன். கழுத்து, முதுகு, காதுக்குள் எல்லாம் நன்றாகத் துடைத்தேன். இரண்டாயிரம் மைல் அவள் கைப்பையில் வந்த துவர்த்து அந்த ஊற்று நீரில் நனைந்தது அப்படித்தான். நீர் என் தலையிலிருந்து வந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் அதை வேன் ஜன்னல் கம்பியில் கட்டிக் காயவிட்டாள். பறந்துவிடாமல் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டு மேசையில்

இதுவரை எழுதியதை நான்கு நாட்களுக்கு முன் முடித்தேன். அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுத்தேன். இந்தத் தொடரில் முதல்முறையாக, அச்சில் வருவதற்கு முன்.

சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

பாதியில் நிறுத்தினாள்.

"தங்கம் மதினி இப்படிச் சொல்லல்லியே."

"சொன்னாளே. குரலைத் தாழ்த்தி…"

"நான் உங்க பின்னாலல்லா நின்னேன். 'அண்ணாச்சி, மதினிக்குக் கையில அது இருக்குல்லா, இந்தச் சூடு தாங்குமா, எரியாதா?'ன்னு கேட்டா. எரிஞ்சா பூசுறதுக்கு அவகிட்ட வெண்ணெய் இருக்குன்னு சொன்னா. நீங்க அதுக்கு முன்ன விசிலை எடுத்திட்டிய."

வரியிலிருந்து விரலை எடுத்தாள்.

"உள்ள போனவ சும்மாவும் இருக்கல்லை. பாதியில தலையை வெளிய நீட்டி, 'மதினி, செருப்பை யாரு கொண்டு போகப் போறா, வாங்க, வென்னி அருமையா இருக்கு'ன்னு கூப்பிட்டா. நாந்தான் போகல்லை."

"ஏன் போகல்லை?"

"நீங்க இருன்னு சொல்லியிருக்கிய. நான் எந்திரிச்சுப் போனா இருபது பேருக்கு முன்ன உங்களுக்குத்தான கொறச்சில்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாவம், அவளும் என்ன நினைச்சிருப்பா. அதுக்கப்புறம் நீங்க அவ வீட்டு வாசலையே மிதிக்கல்லை."

உண்மை. யாத்திரை முடிந்து வந்தபின் அந்தக் குடும்பத்தோடு நான் ஒட்டவில்லை. படிப்பில்லாதவர்கள், குறுகிய புத்திக்காரர்கள் என்று மகனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். தங்கம் மதினி வாயில் நான் வைத்த சொற்களை, திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவை அவள் குரலிலேயே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டன. இந்த அத்தியாயத்தை மனப்பூர்வமாக, உண்மை என்று நம்பித்தான் எழுதினேன். ஆனால் என் மனைவி சொன்ன அந்த நொடியில் வெண்ணெய் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியில் சிவப்பு ரப்பர் பேண்ட். தங்கம் மதினி அதை என்னிடம் நீட்டிக்கூடக் காட்டினாள்.

யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பார்கள் என்று நான் நினைத்தேன். நினைத்தது என் மனம். அவளை வெளியே உட்காரவைக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"அந்த இடத்தை அடிச்சிட்டு மாத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"அடிக்காண்டாம். முதல்ல எழுதினது இருக்கட்டும், இப்ப நான் சொன்னதையும் எழுதுங்க. மதினிக்கு இப்போ கண்ணு தெரியாது, பேத்திதான் புத்தகம் வாசிச்சுக் கேப்பிக்கா. முழுசாக் கேக்கட்டும்."

மறுபடியும் ஒருமுறை அங்கே போகலாமா, விமானம் இருக்கிறது, சக்கர நாற்காலி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு இந்த முட்டியை வச்சுக்கிட்டுத் தொட்டியில இறங்க முடியுமா? வெறுதே பேசாதிய." தாள்களைத் தட்டி அடுக்கினாள். "தண்ணிக்காக மட்டுமா போனேன் அத்தான்? அத்தனை பேரு கூச்சல் போட்டுக்கிட்டு உள்ள நின்னாங்க. அதுல நானும் நிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

பிறகு மிச்சத்தையும் வாசித்துவிட்டு, தாள்களில் மீண்டும் எதையோ தேடினாள்.

"முழுசா வாசிச்சாச்சு. 'என் மனைவி, என் மனைவி'ன்னே எழுதியிருக்கிய. தங்கம் மதினிக்குப் பேரு இருக்கு, சமையலுக்கு வந்தவனுக்குப் பேரு இருக்கு. அரிசிக்குக்கூடப் பேரு போட்டாச்சு. தோல் வியாதின்னு எழுதியிருக்கிய, அதுக்கும் பேரு இல்லை."

"போட்டா எல்லாருக்கும் தெரியுமே. மகன், சம்பந்தி வீட்டுக்காரங்க…"

"தெரியட்டும். எனக்குக் கொறச்சில் ஒண்ணும் இல்லை."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அன்று ரவிக்கைக் கையை மேலே மடக்கிவிட்டிருந்தாள். முழங்கை தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்ததே இல்லை.

தங்கம் மதினி, பேத்தி இதை வாசித்து முடித்ததும் தயவுசெய்து மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். வாசலிலேயே நிற்கவைத்தாலும் சரி.

மற்ற வாசகர்களுக்கு ஒரு பிழைதிருத்தம். ஐந்து வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில், 'நாங்கள் எல்லோரும் ஆனந்தமாக நீராடினோம்' என்று வந்த வரியை, 'சொரியாசிஸ் உள்ள என் மனைவி கோமதியைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் நீராடினோம். வைத்தவன் நான்' என்று திருத்தி வாசிக்கவும்.